பேராண்டியின் சீனாப் பட்டாளம்

ஏலே பேராண்டி, மேசை மேல வரிசை கட்டி நிறுத்தி வச்சிருக்கியே சீனாக்காரனுக, அவனுக முதுகுல ஆளுக்கொரு சடை தொங்குதே, அது எதுக்குடா ராசா? எனக்குக் கண்ணு மங்கல். படிப்பும் பத்தாது. சும்மா கேட்டு வைக்கேன்.

"சீனாக்காரன்னா சடை இருக்கும் தாத்தா"ன்னு ஒரே போடாப் போட்டுட்டே. வாஸ்தவம். எந்த வருசத்துச் சீனாக்காரன்னு கேட்டா "இடைக்காலம்"ங்கிறே. பெட்டியை எட்டிப் பாத்தேன், அதுலயும் இடைக்காலச் சீனப் படைன்னுதான் போட்டிருக்கான். விக்குதவன் அப்படித்தான் போடுவான். தாங் அரசு 618-ல ஆரம்பிச்சு 907-ல முடிஞ்சுது. சோங் 960-ல இருந்து 1279 வரைக்கும். பிறவு மங்கோலியன். அவனை விரட்டிட்டு 1368-ல மிங் வந்து, 1644 வரைக்கும் ஓட்டுனான். ஆயிரம் வருசத்தை ஒரு அட்டைப்பெட்டியில அடைச்சு மேல விலைச்சீட்டும் ஒட்டிட்டான் அவன். நீயும் தூக்கிட்டு வந்துட்டே. கெட்டிக்காரன்லே நீ.

சடை சங்கதியைக் கேளு. மஞ்சுக்காரன் வடக்கே இருந்து வந்து பீஜிங்ல உக்காந்த பிறவு, 1645-ல ஒரு உத்தரவு போட்டான். ஆம்பளைக எல்லாரும் முன்மண்டையைச் சிரைச்சு, பின்னால சடை போடணும். மாட்டேன்னவனுக்குத் தலை போச்சு. அந்தச் சடைக்காகவே ஊர் ஊராக் கலகம் நடந்திருக்கு. அதுக்கு முந்திச் சீனத்துச் சிப்பாய்க்கு உச்சிக்கொண்டைதான். முடிஞ்சு, துணி கட்டி, அதுக்கு மேல தலைக்கவசம். உன் ஆளுக சோங் படைன்னா, ஐந்நூறு வருசம் கழிச்சு வரப்போற உத்தரவுக்கு இப்பவே பயந்து சடை பின்னிட்டு நிக்கானுக. முன்யோசனைக்காரப் பயலுக.

ஒடனே கத்தியை எடுத்து வெட்டிராதே. பொறு. சோங் காலத்துலயே வடக்கே ஜுர்சென்னு ஒரு கூட்டம் இருந்துது. மஞ்சுக்காரனுக்கு மூத்த குடி அவன். அவன் சடை போட்டவன்தான். 1115-ல ஜின்னு ஒரு அரசு கட்டி, 1127-ல சோங் தலைநகரம் கைஃபெங்கைப் பிடிச்சு, ராசாவையும் ராசாவோட அப்பனையும் சேத்து வடக்கே கொண்டுபோயிட்டான். ரெண்டு வருசத்துல, தான் பிடிச்ச ஊர்ல உள்ள சீனத்தானும் தன்னை மாதிரியே தலையைச் சிரைக்கணும்னு சட்டமும் போட்டான். அதனால இந்தச் சடைக்காரனுகளை ஜின் பக்கம் தள்ளிரு. நெஞ்சுல வட்டம் போட்டு எழுத்து பொறிச்சிருந்தா மட்டும் ஒதுக்கி வை, அவன் மஞ்சுக்காரனோட கிங் காலத்துக்காரன், எங்கயும் ஒட்ட மாட்டான். காசு ஒண்ணும் வீண் போகலலே. உன் பட்டாளம்னு நெனச்சு எதிரிப் பட்டாளத்தை வாங்கியிருக்கே, அம்புட்டுத்தான்.

நான் என்ன சொல்ல வாரேன்னா, முதல்ல ஒரு வருசத்தைச் சொல்லு. நூற்றாண்டு இல்ல, வம்சம் இல்ல, வருசம். இன்ன வருசம், இன்ன ஊர், எதுத்து நிக்கவன் இன்னார்னு முடிவு பண்ணிட்டா, யாரை வாங்கணும், எத்தனை வாங்கணும், என்ன நிறம் பூசணும்ங்கிறது தானா வந்து விழும். அதைச் செய்யாம கடையில கண்ணுக்குப் பிடிச்சதையெல்லாம் அள்ளிட்டு வந்தா என்ன ஆகும்? உன் ரெண்டாவது தட்டைப் பாத்தேனே. சியான் பக்கத்துல 1974-ல தோண்டி எடுத்தானே மண்பொம்மைப் பட்டாளம், அதே வார்ப்புல பத்து பேரு நிக்கான். அவன் கி.மு. மூணாம் நூற்றாண்டு ஆளுடா. உன் சோங் சிப்பாய்க்கும் அவனுக்கும் நடுவுல ஆயிரத்து முந்நூறு வருசம் கிடக்கு. பக்கத்துலயே தாடியைத் தடவிக்கிட்டு, பிறை வடிவத்துல பெரிய வெட்டரிவாள் பிடிச்சுட்டு ஒருத்தன் நிக்கானே, அவன் குவான் யூதானே? 220-ஐ ஒட்டிச் செத்தவன். அந்த அரிவாளைக் கதை எழுதுனவனுகதான் அவன் கையில குடுத்தானுக. சோங் காலத்து ராணுவ நூல்லதான் அந்த ஆயுதத்துக்குப் படமே கிடைக்கு. ஆக ஆள் ஒரு காலம், அரிவாள் ஒரு காலம், வாங்குன நீ ஒரு காலம்.

நீ கேக்கலைன்னாலும் ஒரு வருசம் நானே சொல்லுதேன்: 1140. ஊர் யென்செங், இப்ப ஹெனான் மாகாணத்துல இருக்கு. இந்தப் பக்கம் சோங் தளபதி யூவே ஃபெய். அந்தப் பக்கம் ஜின் இளவரசன் வுஜு, கவசக் குதிரைப் படையோட. ஏன் இதுன்னா, காலாளும் குதிரையும் முட்டுன சண்டை. ரெண்டு பக்கமும் பாக்க வேற வேறயா இருக்கும். சடைக்காரனுகளுக்கும் வேலை கிடைச்சிரும்.

இந்த இடத்துல நீ ஒரு காரியம் பண்ணி வச்சிருக்கே. மெல்லிசுச் சங்கிலி வாங்கி, வுஜுவோட குதிரைகளை மூணு மூணாப் பூட்டப் போறேன்னே. வுஜு அப்படித்தான் கட்டிக் கூட்டியாந்தான்னு புத்தகத்துல இருக்குன்னே. இருக்கு, இல்லைங்கலை. அதை எழுதுனவன் யாருன்னு பாத்தியா? யூவே கே. யூவே ஃபெய்யோட பேரன். தாத்தா செத்து நாப்பது வருசம் கழிச்சுப் பிறந்தவன். தாத்தாவைச் சதி பண்ணிக் கொன்னுட்டானுக, அவரு பேரைத் தூக்கி நிறுத்தணும்னு உக்காந்து எழுதுனான். எதிரி பெருசா இருந்தாத்தானே தாத்தா பெருசா இருப்பாரு? மூணு குதிரையைச் சேத்துக் கட்டிட்டான். பின்னால மஞ்சுப் பேரரசன் சியன்லுங் காலத்துல இதைப் படிச்சவனுக, குதிரையிலயே பிறந்து வளந்த கூட்டம், ஒரு குதிரை விழுந்தா மத்த ரெண்டும் விழுமே, எந்தக் கோட்டிக்காரன் இப்படிக் கட்டுவான்னு கேட்டுத் தள்ளிட்டானுக. அதுக்காக யூவே கேயைத் திட்ட மாட்டேன். தாத்தாவைப் பத்தி நாலு வார்த்தை கூட்டிச் சொல்லுத பேரன் எல்லாருக்கும் வாய்க்கவா செய்யுதான்? சிலருக்குச் சங்கிலி வாங்குத பேரன்தான் வாய்க்கான். சங்கிலியை உன் பொண்டாட்டிகிட்டக் குடுத்துரு, கொலுசுக்கு ஆகும்.

அதே கதையில எனக்குப் பிடிச்ச சங்கதி ஒண்ணு இருக்கு. யூவே ஃபெய் தன் காலாட்களுக்கு நீளக் கத்தியைக் குடுத்துச் சொல்லிவிட்டாராம்: நிமிந்து பாக்கக் கூடாது, குதிரைக் காலை மட்டும் வெட்டுங்க. நீ வாங்கின பொம்மையில குனிஞ்சவன் ஒருத்தன் இருக்கானா? எல்லாவனும் நெஞ்சை நிமித்தி, கத்தியை ஆகாசத்துக்குத் தூக்கி, வாயைப் பிளந்து கத்துதான். படப்பிடிப்புக்கு வந்த கும்பல். குனிஞ்ச வார்ப்பாத் தேடு. கிடைக்கலைன்னா வேற பெட்டியில வேலையாள், ஏணிக்காரன்னு குனிஞ்சவன் எவனாவது இருப்பான், அவன் கையை வெட்டிக் கத்தியை ஒட்டு. முகம் வரையுத சோலியும் மிச்சம்.

எத்தனை பேர் வாங்கணும்? டி.பி.ஏ.ன்னு மேசைப்போர் விளையாட்டு விதி ஒண்ணு இருக்கே, அதுன்னா பன்னெண்டு தட்டுதான். பெரிய விதிப்புத்தகம்னா நூத்துக்கணக்குல ஆகும். எதுவானாலும் சோங் படைக்கு மொதல்ல வில்லுக்காரன், பிறவு ஈட்டிக்காரன், மிச்சம் காசு இருந்தாத்தான் குதிரை. நீ தலைகீழா வாங்கியிருக்கே. பாதிக்கு மேல குதிரை. ஏலே, சோங் அரசாங்கத்துக்கே அம்புட்டுக் குதிரை கிடையாது! குதிரை வளருத மேய்ச்சல் நெலம் எல்லாம் வடக்கே அடுத்தவன் கையில. தேயிலையைக் குடுத்துத் திபெத்துக்காரன்கிட்டக் குதிரை வாங்க 1074-ல ஒரு தனி இலாகாவே வச்சிருந்தானுக. வடக்குப் பறிபோன பிறவு தென்மேற்கே தாலி தேசத்துல இருந்து குதிரை வந்துது. அதெல்லாம் மட்டக்குதிரை. நீ வாங்கி வச்சிருக்கது ஐரோப்பியப் பிரபு ஏறுத குதிரை; காலு மட்டுமே சோங் சிப்பாய் உசரத்துக்கு நிக்கி. குட்டைக் காலு, தடிச்ச கழுத்து, பெரிய தலை, சிலுப்பின பிடரி, அப்படிப் பாத்து வாங்கு. மங்கோலியப் பெட்டியில உள்ள குதிரை சரியா வரும். எல்லாத்துக்கும் வெள்ளை அடிச்சிராதே. செவலை, பழுப்பு, மங்கின மஞ்சள், ஒண்ணு ரெண்டு கருப்பு. வெள்ளை ஒண்ணே ஒண்ணு போதும், அதுவும் உனக்கு ஆசையா இருந்தா.

வில்லுக்காரன்னா சும்மா வில் இல்ல, குறுக்குவில். 1068-ல ஒரு புது வில்லு வந்துது, தெய்வக்கை வில்லுன்னு பேரு. காலை வளையத்துல மாட்டி, குனிஞ்சு, இடுப்புப் பலத்துல நாணை இழுத்து ஏத்தணும். சோங் நூல்ல குறுக்குவில்லுக்கு ஒரு முறை சொல்லியிருக்கு: ஒருத்தன் நாண் ஏத்துவான், ஒருத்தன் ஏத்தினதை வச்சுக்கிட்டு முன்னால நகருவான், ஒருத்தன் எய்வான். எய்தவன் பின்னால போவான். மழை விட்டாலும் தூவானம் விடாதும்பாகளே, அந்தக் கணக்குல அம்பு ஓயாது. நீ வாங்கின இருபத்துநாலு பேருமே எய்யுத ஆளு. ஏத்துதவன் எங்கலே? இவனுக ஒரு தடவை எய்துட்டு ஊருக்குப் போயிருவானுகளா? மூணு விதமா நிக்க வார்ப்பாப் பாத்து வாங்கி, ஒரே தட்டுல கலந்து ஒட்டு.

வெடிமருந்து சீனாவோடதுதானேன்னு ஆளுக்கொரு கைத்துப்பாக்கி குடுத்துராதே. 1132-ல தெஆன் கோட்டையைக் காத்த சென் குவெய், மூங்கில்ல மருந்தைக் கெட்டிச்சு நெருப்பு ஈட்டி இருபது சொச்சம் செஞ்சாரு. ஒண்ணைப் பிடிக்க ரெண்டு ஆளு. அது மதில் சண்டை. யென்செங் வெட்டவெளி. அடுத்த ஆசை வரட்டும், அப்ப பாத்துக்கலாம்.

சரி, இனிக் கவசம். இங்கதான் உன் கை அரிக்குதுன்னு எனக்குத் தெரியும். பளபளன்னு வெள்ளியை எடுத்துட்டே பாத்தேன்.

1134-ல சோங் அரசாங்கம் ஒரு கணக்குப் போட்டிருக்கு. காலாளோட முழுக் கவசத்துக்கு 1,825 தகடு. எடை முப்பது கிலோவை ஒட்டி. ஒவ்வொரு தகட்டுலயும் ஓட்டை போட்டு, தோல்வாரால ஒண்ணோட ஒண்ணு கோத்தது. அதைப் போட்டுக்கிட்டு யாங்சிக் கரையில மழையில நடந்தவன் கவசம் எப்படிலே பளபளக்கும்? கருப்பு பிரைமர் அடி. காய்ஞ்ச பிறவு மங்கின இரும்பு நிறத்தைத் தூரிகையில தொட்டு, துணியில நல்லாத் துடைச்சிட்டு, மேலாப்புல ஓட்டு. தகட்டு விளிம்பு மட்டும் பிடிக்கும், இடுக்கு கருப்பாவே கிடக்கும். அதுக்கு மேல கருப்பும் பழுப்பும் கலந்த தண்ணி வாஷ். 1,825-ல எத்தனையைச் சிற்பி செதுக்கியிருக்கான்னு எண்ணிட்டு உக்காராதே. 28 மில்லிமீட்டர் ஆளுடா அவன். மழைக்காலத்துல மாடியில நின்னு ஸ்ப்ரே அடிக்காதே, ஈரக்காத்துல வெளுத்துப் பூத்துரும். போன தடவை ஒரு குதிரைக்குப் பனி பெஞ்ச மாதிரி ஆச்சே, நீ அதைக் குளிர்காலச் சண்டைன்னு சமாளிச்சே.

எல்லாக் கவசமும் ஒரே நிறம் இல்ல, அது தெரியுமா? ஷென் குவோன்னு ஒரு பெரிய மனுசன், 1095-ல செத்தாரு. நட்சத்திரம் பாப்பாரு, திசைகாட்டி ஊசியைப் பத்தி எழுதுவாரு, கணக்கும் போடுவாரு. அவரு ஒரு கவசத்தைப் பத்தி எழுதியிருக்காரு. வடமேற்கே சிங்தாங் பக்கத்துத் திபெத்தியக் குடிகள் அடிச்சது. இரும்பைக் காய்ச்சாம, பச்சையாவே சுத்தியலால அடிச்சு அடிச்சு, மூணுல ரெண்டு பங்கு கனத்தைக் குறைச்சிருவானுகளாம். நிறம் நீலங்கலந்த கருப்பு. மயிரு கூட அதுல தெரியுமாம், அம்புட்டு மெருகு. ஐம்பது அடிவைப்புத் தூரத்துல இருந்து கடும் வில்லால எய்தும் ஏறலை. ஒரே ஒரு அம்பு மட்டும் உள்ள போச்சு; பாத்தா, அது கோக்குத ஓட்டையிலயே போய்க் குத்தியிருக்கு.

இதுல வேடிக்கை என்னன்னா, தகட்டு ஓரத்துல ஒரு துளியை மட்டும் அடிக்காம விட்டுவைப்பானுக. மரு போல நிக்கும். இரும்பு முதல்ல இம்புட்டுக் கனமா இருந்துது, அடிச்சு இப்படி ஆக்கினோம்னு காட்டுத அத்தாட்சி. அதைப் பாத்துட்டு மத்தவனுக என்ன பண்ணினானுக? சாதாரணத் தகட்டைக் காய்ச்சி அடிச்சிட்டு, வெறும மருவை மட்டும் ஒட்ட வச்சிட்டானுக! தொள்ளாயிரம் வருசத்துக்கு முந்தியே போலி முத்திரை. நீ சொல்லுவியே 'வரலாற்றுத் துல்லியம்', அப்ப உன் கவசத்துல மருவும் வைக்கணும், அதுவும் போலி மருவா வைக்கணும். வைப்பியா? வேண்டாம். வாஷ்ல ஒரு சொட்டு நீலம் விடு, நாலு அதிகாரிக்கு மட்டும். போதும்.

தோல் கவசமும் உண்டு. மரப்பாலை மேல மேலப் பூசி ஏத்தின கருப்பு மெருகு. அதுக்கு மட்டும் கடைசியில லேசா மினுக்குத வார்னிஷ். மத்த எல்லாத்துக்கும் மினுக்காத வார்னிஷ்.

காகிதக் கவசம்னு சொன்னதும் நீ சிரிச்சே. சிரி. 1040-ல மேற்கு எல்லையில சண்டை வந்தப்ப, தெற்கத்தி ஊர்களுக்கு உத்தரவு போச்சு: காகிதக் கவசம் முப்பதாயிரம் செஞ்சு அனுப்பு, ஷான்சியில கோட்டை காக்க வில்லாளிகளுக்கு வேணும். முப்பதாயிரம்! அரசாங்கக் கணக்குல பதிஞ்சது. காகிதத்தை அடுக்கடுக்கா மடிச்சுத் தைச்சது. அம்புக்குத் தாங்கும், எடை கம்மி, இரும்பு மாதிரி ஆளை அமுக்காது. 1,825 தகட்டோட ஆத்துல விழுந்து பாரு தெரியும். நீ வெள்ளி பூசி வச்சிருக்கியே வில்லுக்காரனுக, அதுல பாதிப் பேருக்கு அழுக்கு வெள்ளையை அடி; மடிப்புல பழுப்பு மையை ஓட விடு. விளையாட வர்றவன் "என்னப்பா பெயின்ட் முடியலையா"ன்னு கேப்பான். 1040-ன்னு சொல்லு. வாயை மூடிக்கிடுவான்.

உனக்கு ஆதாரம் படம்தானே? 'வுஜிங் சோங்யாவோ'ன்னு ஒரு நூல், 1044-ல முடிச்சது, அதுல இருக்கு கவசப் படம்னு காட்டினே. நூல் நெசம். சோங் காலத்துப் பிரதி மிஞ்சலை ராசா. இப்ப நாம பாக்க படமெல்லாம் மிங் காலத்து மறுபதிப்புல வந்தது. நடுவுல நானூறு ஐந்நூறு வருசம். படம் பாத்துப் படம் வரைஞ்சவன் தன் ஊர்ச் சிப்பாயைப் பாத்துக் கொஞ்சம் திருத்தியிருக்க மாட்டானா? கல்லு திருந்தாது. ஹெனான்ல கொங்யி பக்கம், கைஃபெங் பறிபோறதுக்கு முந்தின வடசோங் ராசாக்கள் சமாதி இருக்கு. பாதை ஓரம் கல் தளபதிக நிக்காக, கவசத்தோட. சிச்சுவான்ல லூசியன் பக்கத்துத் தென்சோங் கல்லறையிலயும் கவச வீரனைச் செதுக்கியிருக்கான். அந்தப் புகைப்படங்களைத் தேடு. ஆனா ஒண்ணு, ராசா சமாதியில காவலுக்கு நிக்கவன் நல்ல உடுப்பாத்தான் போட்டு நிப்பான். கவசத்தோட வெட்டு என்ன, தோள்பட்டை எப்படி, பாவாடை எதுவரைக்கும்னு மட்டும் பாத்துக்கோ; அந்தப் பூவேலையைக் கொண்டுவந்து கூலிச் சிப்பாய் மேல வரையாதே.

துணி நிறம். சோங் வம்சம் தன்னை நெருப்பு வம்சம்னு சொல்லிக்கிட்டது. சிவப்பு ராசியான நிறம். சரி, சிவப்பு பூசு. ஆனா புட்டியில இருந்து அப்படியே எடுத்த சிவப்பு வேண்டாம். குசும்பாப் பூவும் சப்பங்கிக் கட்டையும் குடுக்க சிவப்பு வெயில்ல மங்கும். ஒருத்தன் சட்டை போன வருசம் குடுத்தது, ஒருத்தனோடது மூணு வருசம் பழசு. ஒரு சிவப்புல பழுப்பு கல, ஒண்ணுல ஆரஞ்சு கல, ஒண்ணை வெளுக்க விடு. பாதிப் பேருக்குச் சாயமே போடாத சணல் நிறம். பருத்தி வேட்டி வெள்ளை வராது. சீனத்துல பருத்தி பரவுனது அந்த நூற்றாண்டு தாண்டித்தான்.

தங்கம். மூதி, ஆளுக்கு ஆளு நெஞ்சுல, தலைக்கவசத்துல, வாள்பிடியில, செருப்புல கூடத் தங்கம் அப்பியிருக்கியே. நகைக்கடை வாசல்ல கும்பிடு போட்டு நிக்க பொம்மைக்குத்தான் அம்புட்டு ஆகும். தங்கம் பூசின கவசம் சோங் பட்டியல்ல இருக்கு, இல்லைங்கலை. உன் பட்டாளம் மொத்தத்துலயும் நாலு பேருக்கு, அதுவும் விளிம்புல. மிச்சத் தங்கப் புட்டியை மூடி வை. அதுக்கு வேலை வரும், சொல்லுதேன்.

முகத்துக்குக் கண்ணு வரையணும்னு பூதக்கண்ணாடி வாங்கினே. கை தூரத்துல வச்சுப் பாத்தா உன் ஆளுக எல்லாரும் பேயைப் பாத்த மாதிரி முழிக்கானுக. கண்ணை விடு. புருவத்துக்குக் கீழ ஒரு நிழல் போதும். அதுக்குப் பதிலா ஒண்ணு செய். சோங் சிப்பாய் ஓடிப்போகக் கூடாதுன்னு மூஞ்சியில பச்சை குத்திருவானுக. நீலச் சாம்பல்ல, கன்னத்துல, ஊசி முனையால ஒரே ஒரு புள்ளி. தி சிங்னு ஒரு தளபதி, சாதாரணச் சிப்பாயாச் சேந்து, மூஞ்சியில பச்சையோடவே படைத்துறையின் உச்சிப் பதவிக்குப் போனாரு. பேரரசர் ரென்சோங்கே, மருந்து போட்டு அழிச்சிருங்கன்னு சொல்லிப் பாத்தாரு. இவரு மாட்டேன்னுட்டாரு, அடிமட்டத்துல இருந்தும் இங்க வரலாம்னு சிப்பாய்க்குத் தெரியட்டும்னு. 1057-ல செத்தவரு, உன் 1140-க்கு வர மாட்டாரு. இருந்தாலும் எனக்குப் பிடிச்ச ஆளு, சொல்லாம இருக்க முடியலை.

கொடி. இணையத்துல பாத்துச் சீன எழுத்தை வரைஞ்சிருக்கே, அழகாத்தான் இருக்கு. ஹான் ஷிசோங் தளபதிக்கு ஹான்னு எழுதினியே, அது 1956-ல சீன அரசாங்கம் சுருக்கிக் குடுத்த எழுத்து. 1140-ல அவரு கொடியில எப்படி வரும்? கோடு அதிகமா இருக்க பழைய எழுத்தைத் தேடிப் போடு. யூவே ஃபெய்க்குப் பிரச்சினை இல்ல, அவரு குடும்பப் பேரோட எழுத்து அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான். வாசகம் எழுதினா மேலே இருந்து கீழே, வரிசை வலமிருந்து இடம். திசைக்கொடியும் உண்டு: கிழக்குக்கு நீலப்பச்சை, தெற்குக்குச் சிவப்பு, மேற்குக்கு வெள்ளை, வடக்குக்குக் கருப்பு, நடுவுல மஞ்சள். மேசையில எது கிழக்குன்னு மொதல்ல முடிவு பண்ணிட்டு வரை.

அப்புறம் அந்த ஆனை. சோழர் தூதர் 1077-ல கைஃபெங் போனாங்க, அதனால ஒரு சோழ ஆனையை நட்புப் படையாச் சேத்துக்கிடுதேன்னே. தூதர் போனது நெசம். 1015-லயும் 1033-லயும் போயிருக்காக. முத்தும் தந்தமும் கொண்டுபோய் ராசாவைப் பாத்துட்டு வந்தாக. சண்டைக்கா போனாக? சுவான்சோ துறைமுகத்துல 1281-ல தமிழ்ல கல்லு வெட்டி வச்சிருக்கு, சிவன் கோயிலுக்கு. அதுவும் வியாபாரிக வேலை, அப்ப ஆட்சி குப்ளாய் கானோடது. உன் முகாமுக்குப் பின்னால ஒரு தமிழ் வியாபாரி மூட்டையோட நிக்கட்டும், யாரும் குத்தம் சொல்ல முடியாது. ஆனைதான் வேணும்னு அடம்பிடிச்சா 971-க்குப் போ. தெற்கே தென்ஹான்னு ஒரு அரசு ஆனைப்படை வச்சிருந்துது. சோங் காரன் குறுக்குவில்லை வரிசையா நிறுத்தி எய்தான். ஆனை திரும்பித் தன் ஆளுகளையே மிதிச்சிட்டு ஓடிச்சு. ஆசைப்பட்டு ஆனை வாங்குனா அதுக்குத் தோக்கவும் தயாரா இருக்கணும்.

இப்ப தங்கப் புட்டியைத் திற.

நான் தபால்காரனா இருந்தவன்னு உனக்குத் தெரியும். அதனால எனக்கு இந்தக் கதையில தளபதியை விட ஒருத்தன் முக்கியம். யென்செங்ல நீ ஜெயிப்பே. குறுக்குவில்லு சரியா வச்சு, குனிஞ்சவனுகளை முன்னால விட்டா நிச்சயம் ஜெயிப்பே. கைஃபெங் பக்கத்துல தெரியும். அப்ப தெற்கே ஹாங்சோவுல இருந்து புது சோங் ராசாவோட உத்தரவு வரும்: திரும்பி வா. யூவே ஃபெய்க்கு வந்துது. பன்னெண்டு உத்தரவு ஒரே நாள்ல வந்துதுன்னு கதை சொல்லுவாக. அதையும் பேரன் வழி வந்த சரக்காத்தான் வச்சுக்கோ. திரும்பி வந்தாரு. 1141-ல ஜின்னோட சமாதான ஒப்பந்தம், அடுத்த ஜனவரியில ஜெயில்ல அவரைத் தீத்துட்டானுக.

அந்த உத்தரவு கொண்டுபோற ஆளைப் பத்தி ஷென் குவோவே எழுதியிருக்காரு. மரப்பலகை. செம்மெருகு பூசி, தங்க எழுத்து. வெயில்ல கண்ணைக் கூசும். மின்னல் வேகத்துல வருவான், பாத்தவன் எல்லாம் வழி விட்டு ஒதுங்கணும், ஒரு நாளைக்குச் சீனத்துத் தூரக் கணக்குல ஐந்நூறு லி ஓடணும். உன் ரெண்டு பெட்டியிலயும் இந்த ஆளு இல்ல. எவனும் வார்க்க மாட்டான். தபால்காரனை யாரு காசு குடுத்து வாங்குவா? நீயே செய். அந்த மட்டக்குதிரையில நல்லா ஓடுதது ஒண்ணை எடு. கவசம் இல்லாத ஆளை மேல ஏத்து. தீக்குச்சியைச் சீவி, நகக்கண் அகலத்துக்குப் பலகை வெட்டி, இடுப்புல ஒட்டு. சிவப்பு ரெண்டு கோட்டு. நல்லாக் காயட்டும், அவசரப்படாதே. பிறவு தங்கத்துல ஒரு கோடு இழு. ஆட்டத்துல அவனை எப்ப மேசைக்குள்ள விடணும்ங்கிறதை உன் எதிராளி கையில குடுத்துரு.